சிறுவர்களுக்கு வரும் இனிப்பு நீர்

இனிப்பு நீர் என்றதும் நடுவயதைக் கடந்தவர்களின் நினைவே நமக்கு வருகிறது. தோட்டத்துக் கிராணியார் சீனி போடாத தேநீர் கேட்டால், அவருக்கு இந்நோய் உண்டு என்று நாமே முடிவு செய்து விடுகிறோம். ஐந்து வயதுக் குழந்தைக்கும் பத்து வயது மாணவனுக்கும் இது வரக்கூடும் என்பது புக்கிட் ரம்பாய் வட்டாரத்துப் பெற்றோர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

வயிற்றில் இரைப்பைக்குப் பின்புறம் கணையம் என்னும் உறுப்பு இருக்கிறது. அது சுரக்கும் இன்சுலின்தான், நாம் உண்ணும் சோற்றிலிருந்தும் ரொட்டியிலிருந்தும் இரத்தத்தில் சேரும் சீனியை உடலின் அணுக்களுக்குள் செலுத்துகிறது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இன்சுலின் சுரந்தும் சரிவர வேலை செய்வதில்லை. எனவே மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் அவர்களுக்குப் பயன் தருகின்றன. சிறுவர்களைப் பெரிதும் பீடிக்கும் முதல் வகை நோயிலோ, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழி தவறி, இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்து விடுகிறது. தாய் மிட்டாய் வாங்கிக் கொடுத்ததால் வந்த நோயன்று இது, பிறருக்குத் தொற்றுவதுமன்று. உடல் பருத்த சிறுவர்கள் சிலருக்குப் பெரியவர்களின் வகையும் வருகிறது. அது வேறு கதை.

அறிகுறிகள் எளியவை, எளியவை என்பதாலேயே தவறவிடப்படுகின்றன. பிள்ளை அடிக்கடி சிறுநீர் கழிக்கும். படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கும். தாகம் அடங்காது. நன்றாக உண்டும் உடல் மெலியும். வெயிலில் விளையாடுவதால் தாகம், வயிற்றில் பூச்சி இருப்பதால் மெலிவு என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பூச்சி மருந்து கொடுப்போர் உண்டு. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நம் முன்னோர் இந்நோயை இனங்கண்டனர். இன்று எறும்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் சில நொடிகளில் உண்மையைச் சொல்லிவிடும். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் மலேசியக் குடிமக்களுக்குப் புறநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

காலந்தாழ்த்தினால், சீனியைப் பயன்படுத்த இயலாத உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதனால் இரத்தத்தில் அமிலம் பெருகும். வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழுத்த பழத்தின் வாடை ஆகியவை தோன்றும். இதனை வயிற்றுக் கோளாறு என்றோ ஆஸ்துமா என்றோ எண்ணி ஓர் இரவு பொறுத்திருப்பதும் ஆபத்தாகும். உடனே மலாக்கா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்ல வேண்டும். சிறுவர் நீரிழிவுக்கென 2006ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கப்பட்ட பதிவேட்டின் தொடக்க அறிக்கையில், பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இந்நிலைக்கு வந்த பிறகே நோய் கண்டறியப்பட்டது என்ற விவரம் காணப்படுகிறது.

ஒரு காலத்தில் இந்நோய் கண்ட பிள்ளைகள் பிழைப்பதில்லை. கனடாவின் டொரண்டோ நகரில் 1922ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அம்மருந்து போதிய தூய்மையுடையதாக இல்லை. சில நாட்களில் அதைத் தூய்மைப்படுத்தி மீண்டும் செலுத்தியபோது சிறுவன் தேறினான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்று முறையாக ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் படித்து, வேலை பார்த்து, மணம் புரிந்து வாழ்கிறார்கள். பாகற்காயை உணவாகத் தருவதில் தவறில்லை. அதையோ வேறு கஷாயத்தையோ நம்பி ஊசியை நிறுத்தினால் உயிர் போகும். காய்ச்சல் கண்டு பிள்ளை சரியாக உண்ணாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தலாகாது. அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

பொழுது விடியுமுன் பால்மரம் சீவப் புறப்படும் குடும்பத்தில் காலை ஊசியை யார் போடுவது? இதை முன்கூட்டியே தீர்மானிப்பது நல்லது. வீட்டிலிருக்கும் பாட்டியோ அத்தையோ மருத்துவமனைத் தாதியிடம் முறையைக் கற்றுக்கொள்ளலாம். தொடை, வயிறு என இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் தோல் தடித்துவிடும். திறக்காத மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், ஆனால் உறைய விடலாகாது. வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பெட்டியில் வைத்த மருந்து பயனற்றதாகிவிடும்.

ஊசி போட்டபின் பசியாறாமல் பள்ளிக்குச் சென்றாலோ, திடலில் அதிகம் ஓடினாலோ சீனி அளவுக்கு மீறிக் குறைந்துவிடும். வியர்வை, நடுக்கம், காரணமற்ற கோபம், மந்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் குவளை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்ய வேண்டும். இனிப்பு நீர்க்காரனுக்குச் சீனியா என்று தயங்குவோர் இங்குதான் பெருந்தவறு செய்கிறார்கள். பதினைந்து நிமிடங்களில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்கலாம். தெளிந்தபின் ரொட்டி தரலாம். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பள்ளிப் பையில் எப்போதும் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கட்டும். அது எதற்கென்று வகுப்பாசிரியருக்கும், பக்கத்தில் அமரும் தோழனுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.