கயிறு விழுந்த ஏடு

சீட்டும் கதையும் – 17

இத்தாலிய எழுத்தாளர் கால்வினோவின் கதையில் வரும் கோட்டை, அங்கே பேச்சிழந்து உட்கார்ந்திருக்கும் பயணிகள், மேசைமேல் ஒரு டாரட் கட்டு, ஆளுக்கொரு சீட்டு வரிசை, வரிசைக்கொரு கதை. போன வாரத்துக்கு இவ்வளவு போதும். அந்த வரிசைகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும் கணக்கை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை எழுதத் திருவண்ணாமலைக்கு வந்த இடத்தில் வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. நாளைக் காலை பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். பிடித்துக்கொண்டதைத்தான் எழுத முடியும்.

முதலில் கிளி. கிரிவலப் பாதையில் சுக்குக் காபி விற்கும் பெரியவர் ஒருவர், முன்பு கிளி ஜோசியம் பார்த்தவர். பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 ஏப்ரலில், கடலூர் தொகுதி வேட்பாளரான தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று ஒரு கிளி சீட்டு எடுத்துக் கொடுக்க, வனத்துறை வந்து கிளிகளைப் பறிமுதல் செய்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். சீட்டின் முன் உட்கார்ந்தவர் ஒரு சிறுகதைக்காரர் என்பதை அன்றைக்கு யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் மனதில் நின்றது. நம் பெரியவர் அதற்கு முன்பே கிளியை மலைப்பக்கம் பறக்க விட்டுவிட்டார். அதுதான் சரி. பறவை பறக்கட்டும். சீட்டுக்கட்டு மட்டும் இன்னும் அவர் துணிப்பையில் இருக்கிறது. காபி குடிக்க வருகிறவர்கள் விரும்பிக் கேட்டால், அவர்கள் கையாலேயே ஒன்றை உருவச் சொல்கிறார்.

ஒரு மாலை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கல்லூரிப் பையன் ஒருவனுக்குப் பழனி ஆண்டவர் வந்தார். “கோவணத்தோட நிக்கறாரு பார் தம்பி. எல்லாத்தையும் உதறிட்டு வந்தவரு. நீயும் வீட்ல கோவிச்சிக்கினுதானே வந்திருக்கே?” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். இருட்டிய பிறகு ஓர் அம்மாள் உருவியதும் அதே சீட்டுதான். “பெத்தவங்க மலையேறி வந்து புள்ளைக்குச் சமாதானம் சொன்ன எடம்மா இது. நீங்க எறங்கிப் போய்ப் பேசுங்க, தப்பில்ல” என்றார் அவருக்கு. படம் ஒன்றுதான். மாம்பழக் கதையின் ஒரு முனையைப் பையனிடமும் மறு முனையை அம்மாளிடமும் கொடுத்துவிட்டார். யாருக்கு எந்த முனை என்பதைச் செருப்பையும் வயதையும் கண்ணையும் பார்த்த ஒரு நொடியில் முடிவு செய்கிறார். எப்படி என்று கேட்டேன். “படம் என்ன சொல்லுதுன்னு யாரும் கேக்கறதில்ல சாமி. இப்ப நான் என்ன பண்ணட்டும்னுதான் கேக்கறாங்க” என்றார்.

அன்றிரவு தூங்கவில்லை. கதைக்காகச் சீட்டெடுக்கிற நாம் எல்லோரும் முதல் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் கோயிலுக்குள் கிளி கோபுரத்தின் கீழே நின்றபோது அருணகிரிநாதர் நினைவு வந்தது. பிரபுடதேவராயனின் கண்ணுக்கு மருந்தாகப் பாரிஜாத மலர் வேண்டும். உடலை விட்டு ஒரு கிளிக்குள் புகுந்து விண்ணுலகம் போனார். திரும்பி வருவதற்குள், அவர்மேல் பகை கொண்ட சம்பந்தாண்டான் உடலை எரித்துவிட்டான். கிளியாகவே இருந்து கந்தர் அநுபூதி பாடினார் என்பது ஊரறிந்த கதை. அந்த அரசன் 1446 வரை விஜயநகரத்தை ஆண்ட இரண்டாம் தேவராயன் என்பார்கள். டாரட் சீட்டைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துக் குறிப்புகளும் அதே 1440-களை ஒட்டியவைதான், இத்தாலியில். மிலான் பிரபுக்களுக்காகத் தங்க ரேக்கு ஒட்டிச் சீட்டு வரைந்துகொண்டிருந்த அதே தலைமுறையில் இங்கே திருப்புகழ் பிறந்துகொண்டிருந்தது. மிலானில் அந்தச் சீட்டை வைத்து யாரும் குறி பார்க்கவில்லை, விளையாடினார்கள். குறி சொல்லும் வழக்கம் பரவ 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே டாரட்டை எடுத்துக் கதை பண்ணுவது ஏதோ புனிதத்தைக் கெடுப்பது என்று தயங்கும் வாசகர்கள் அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம்.

இனி கயிறு. இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

சைவர்களிடம் திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. தேவாரச் சுவடிக்குப் பூசை செய்து, மனதில் ஒன்றை நினைத்து, ஏடுகளுக்கு நடுவே கயிற்றை நுழைப்பார்கள். கயிறு விழுந்த ஏட்டில் எந்தப் பாட்டு இருக்கிறதோ அதுதான் விடை. 13-ஆம் நூற்றாண்டு. திருப்பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் என்பவருக்குக் குழந்தை இல்லை. திருத்துறையூரில் இருந்த குலகுரு சகலாகம பண்டிதரிடம் போகிறார். பண்டிதர் கயிறு சாத்தச் சொல்கிறார். சம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகத்தில் இரண்டாம் பாட்டு வருகிறது. வெண்காட்டு முக்குளத்தில் நீராடித் தொழுவோரைப் பேய் அண்டாது, பிள்ளைப்பேறும் மற்ற விருப்பங்களும் கைகூடும் என்பது அந்தப் பாட்டின் பொருள்.

பாட்டு ஆறுதல் சொல்லவில்லை, ஓர் ஊர்ப் பெயரைக் கொடுத்தது. கணவனும் மனைவியும் புறப்பட்டுப் போனார்கள். அங்கே இறைவன் கனவில் வந்து, இந்தப் பிறவியில் உனக்குப் பிள்ளை இல்லை என்றுவிட்டார் என்கிறது மரபு. களப்பாளர் அசையவில்லை. உன்னை நம்பி வரவில்லை, சம்பந்தர் வாக்கை நம்பி வந்தேன் என்ற உறுதியில் நின்றார். வாக்கு வென்றது. பிள்ளை பிறந்தது. அந்தத் தலத்து இறைவன் பெயரையே சுவேதவனப்பெருமாள் என்று வைத்தார்கள்.

நான் சொல்ல வந்த இடம் இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளை திருவெண்ணெய்நல்லூரில் தாய்மாமன் வீட்டில் வளர்கிறது. பரஞ்சோதி முனிவர் அருளால் பால வயதிலேயே ஞானாசிரியராகி, மெய்கண்டார் என்று பெயர் பெற்று, 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் தருகிறது. ஊரே திரண்டு பாடம் கேட்கிறது. ஒருநாள் கூட்டத்தில் வயதான பண்டிதர் ஒருவர் செருக்கோடு நின்றபடி, ஆணவம் எப்படி இருக்கும் என்று கேட்கிறார். சிறுவன் வாய் திறக்காமல் அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்க்கிறான். பண்டிதர் காலில் விழுகிறார். அவர்தான் சகலாகம பண்டிதர், கயிறு சாத்தச் சொன்ன அதே குரு. அருள்நந்தி என்ற பெயரோடு அந்தச் சிறுவனுக்கே சீடராகிச் சிவஞான சித்தியார் எழுதுகிறார்.

தன் கையால் ஏடு பிரித்துப் பிறக்க வழி சொன்ன பிள்ளையிடமே ஒருவர் போய் மண்டியிட வேண்டி வருகிறது! எந்த நாவலாசிரியரும் பொறாமைப்படும் முடிச்சு இது. எனக்கு இதில் வியப்பு, அந்த முடிச்சு முழுவதும் ஒரு கயிற்றின் தற்செயலில் தொடங்குகிறது என்பது. கயிறு ஓர் ஏடு தள்ளி விழுந்திருந்தால் அவர்கள் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள், அல்லது எங்குமே போயிருக்க மாட்டார்கள். களப்பாளர் இன்னொரு முறை கயிறு சாத்திப் பார்க்கவில்லை என்பதையும் கவனியுங்கள். கனவில் கடவுளே மறுத்தபோதும் விழுந்த ஏட்டை அவர் விடவில்லை. சீட்டெடுத்துக் கதை எழுத உட்காரும் இளைஞர்களில் பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான். வந்தது பிடிக்கவில்லை என்று கட்டைக் கலைத்து மறுபடி எடுக்கிறார்கள். பிடித்தது வரும்வரை எடுத்தால், ஏற்கெனவே மனதில் இருந்த கதைதான் வரும். அதற்குச் சீட்டு எதற்கு?

பெரியவரின் கேள்வியையும் களப்பாளரின் பிடிவாதத்தையும் சேர்த்து ஒரு சீட்டைப் பார்க்கலாம். பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-இல் லண்டனில் வெளிவந்த கட்டைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். பெரிய வேலைக்கு மிகச் சின்னக் கூலி என்று அவர் நண்பருக்குக் கடிதம் எழுதிய அதே கட்டுதான். மொத்தம் 78 சீட்டு. அதில் கிண்ணம் எட்டு. எட்டுக் கிண்ணங்களை அடுக்கி வைத்துவிட்டு, கையில் கோலோடு ஒருவன் நமக்கு முதுகு காட்டி மலையை நோக்கிப் போகிறான். மேலே நிலா.

திருவண்ணாமலையில் உட்கார்ந்து இந்தச் சீட்டை எடுத்தால் உடனே யார் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று இந்த மலைக்கு வந்து சேர்ந்த 16 வயது வேங்கடராமன், பின்னாளைய ரமணர். படம் என்ன சொல்கிறது என்று கேட்டால் துறவு என்று சொல்லி முடித்துவிடும். அதற்கு மேல் ஒரு வரிகூட நகராது. படத்தில் இருப்பவர்கள் இனி என்ன செய்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கண் போகிறவனை விட்டு, அடுக்கிய கிண்ணங்களுக்கு வரும். தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டப் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொள் என்று அண்ணன் நாகசாமி சொல்லியிருந்தார். தம்பி மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுப் போனான். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்ற தகவலும் அந்தச் சீட்டில் இருந்தது. கையெழுத்து இல்லை.

மாலையில் வீடு திரும்பி அந்த இரண்டு ரூபாயைக் கையில் எடுக்கிற அண்ணன் அடுத்து என்ன செய்கிறார்? அம்மாவிடம் என்ன சொல்கிறார்? அந்தக் காசைக் கல்லூரியில் கட்டுகிறாரா, செலவழிக்கிறாரா, எடுத்து வைத்துக்கொள்கிறாரா? மலைக்கு வந்தவரைப் பற்றி நூறு புத்தகம் இருக்கிறது. அந்த இரண்டு ரூபாயைக் கையில் எடுத்தவரின் கதையை இந்த வாரம் நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். நான்கு பக்கம் வந்திருக்கிறது.

கால்வினோ அடுத்த வாரம். 1969-இல் மிலான் சீட்டை வைத்து முதல் பகுதியை எழுதியவர், மார்செய் சீட்டை வைத்து இரண்டாவதையும் கட்டி 1973-இல் புத்தகமாக்குவதற்குள் பட்ட பாட்டையும், ஒரே சீட்டு இரண்டு பேர் கதைக்குள் இரண்டு வேலை செய்யும் அந்தக் கட்டத்தையும் நிச்சயம் எழுதுகிறேன். டாரட் கட்டு இல்லாதவர்கள் பழைய தீப்பெட்டிப் படங்களில் பதினாறு பொறுக்கி வையுங்கள். நான்குக்கு நான்காக அவற்றைத் தரையில் பரப்பத்தான் போகிறோம்.