திரை கறுப்பாகிவிட்டதா? மானிட்டரை மாற்றும் முன் டிரைவரைப் பாருங்கள்!

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஓர் எடை மேடையில் வேலை பார்க்கும் நண்பர், ஒரு நாள் காலை பதற்றத்துடன் போன் செய்தார். லாரியின் எடையைப் பெரிய எழுத்தில் காட்டும் திரை கறுப்பாகிவிட்டது. வெளியே கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. "புது மானிட்டர் வாங்கிவிடலாமா?" என்று கேட்டார்.

திரைக்குப் பின்னால் இருந்தது ஒரு ராஸ்ப்பெர்ரி பை 3 போர்டு. முதல் நாள் மாலைதான் அதில் புதிய லினக்ஸ் பதிப்பை ஏற்றி, பழைய எடை காட்டும் புரோகிராமை அப்படியே காப்பி செய்திருக்கிறார்கள். கடற்காற்றில் கேபிள் முனைகள் துருப்பிடிப்பது இப்பகுதியில் சகஜம் என்பதால் கேபிளை மாற்றியும் பார்த்துவிட்டார்கள். பலன் இல்லை.

"போர்டு பூட் ஆகும்போது எழுத்துகள் ஓடுகின்றனவா?" என்று கேட்டேன். ஓடுகின்றன என்றார். அப்படியானால் மானிட்டரும் கேபிளும் நன்றாகவே உள்ளன. கோளாறு சாஃப்ட்வேரில்!

ஏன் இப்படி ஆகிறது?

இத்தகைய சிறு கருவிகளில் பல புரோகிராம்கள் க்யூடி என்னும் தொகுப்பைக் கொண்டு எழுதப்படுகின்றன. க்யூடி நேரடியாகத் திரையில் வரைவதில்லை. பிளாட்ஃபார்ம் ப்ளக்-இன் என்னும் சிறு ஃபைல் மூலம், கெர்னலில் உள்ள கிராபிக்ஸ் டிரைவரிடம் வேலையை ஒப்படைக்கிறது. இந்த இரண்டும் பொருந்த வேண்டும்.

2021 நவம்பரில் வந்த புல்ஸ்ஐ பதிப்பில், ராஸ்ப்பெர்ரி பை தன் பழைய பிராட்காம் டிரைவர் முறையிலிருந்து, லினக்ஸின் பொதுவான கேஎம்எஸ் முறைக்கு மாறியது. பழைய முறைக்கான ப்ளக்-இன்னுடன் வந்த புரோகிராம், புதிய பதிப்பில் திரையைப் பிடிக்க முடியாமல் நின்றுவிடுகிறது.

என்ன செய்ய வேண்டும்?

கீழே வரும் பெயர்களை ஆங்கிலத்தில் டைப் செய்யவும்.

1. டெஸ்க்டாப் இயங்கினால் அதை நிறுத்தி, கன்சோல் முறையில் பூட் செய்யவும். டெஸ்க்டாப் திரையைத் தன் வசம் வைத்திருந்தால், ப்ளக்-இன்னுக்கு அது கிடைக்காது.

2. க்யூடி, டிபக், ப்ளக்இன்ஸ் ஆகிய மூன்று சொற்களையும் பெரிய எழுத்தில், அண்டர்ஸ்கோரால் இணைத்து, அதற்கு 1 என்ற மதிப்பை எக்ஸ்போர்ட் கட்டளையால் கொடுக்கவும். இப்போது புரோகிராமை இயக்கினால், ப்ளக்-இன்னை எந்த ஃபோல்டரில் தேடியது, எது ஏற்றப்படவில்லை, ஏன் என்ற விவரம் வரிவரியாக வரும்.

3. புரோகிராமின் பெயரை அடுத்து இடைவெளி விட்டு, ஹைபன் சேர்த்து பிளாட்ஃபார்ம் என்றும், மீண்டும் இடைவெளி விட்டு லினக்ஸ்எஃப்பி என்றும் கொடுத்து இயக்கவும். இது கிராபிக்ஸ் சிப்பின் உதவியின்றி, திரைக்கான மெமரியில் நேரடியாக வரையும் எளிய ப்ளக்-இன்.

4. வீடியோ, அனிமேஷன் போன்றவை இருந்தால் லினக்ஸ்எஃப்பி போதாது. ஈஜிஎல்எஃப்எஸ் ப்ளக்-இன்னும், அதன் கேஎம்எஸ் பிரிவும் தேவை. புதிய பதிப்புடன் கிடைக்கும் க்யூடியை நிறுவி, புரோகிராம் அதையே பயன்படுத்துமாறு செய்யவும். ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டில் பழைய க்யூடி ஃபோல்டரைக் குறிக்கும் வரி இருந்தால் நீக்கிவிடவும்.

5. "அனுமதி இல்லை" என்ற பொருளில் செய்தி வந்தால், அந்த யூசரை வீடியோ, ரெண்டர் ஆகிய இரு குரூப்களிலும் சேர்க்கவும்.

நண்பருக்கு மூன்றாவது படியே போதுமானதாக இருந்தது. எண்களைக் காட்டும் திரைக்கு கிராபிக்ஸ் சிப்பின் உதவி எதற்கு? எடை திரையில் வந்தது; லாரிகள் நகர்ந்தன. மானிட்டர் செலவும் மிச்சம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வேலை செய்துகொண்டிருக்கும் மெமரி கார்டை அழித்து, அதிலேயே புதிய பதிப்பை ஏற்றாதீர்கள். வேறொரு கார்டில் ஏற்றிச் சோதித்துப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் பழைய கார்டைச் செருகினால் போதும். இரண்டே நிமிடத்தில் வேலை தொடரும்.