கல்கத்தா காமெட் விபத்தும் முதல் ஊகங்களும்

1953-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி மாலை, சிங்கப்பூரிலிருந்து லண்டன் சென்றுகொண்டிருந்த காமெட் ஜெட் விமானம் ஒன்று கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து டெல்லியை நோக்கிக் கிளம்பிற்று. சில நிமிஷங்களுக்குள் அதன் வானொலித் தொடர்பு அற்றது. நகருக்கு மேற்கே சுமார் 24 மைல் தொலைவில் ஜகல்கோரி என்னும் கிராமத்தருகே விமானம் வீழ்ந்து, அதிலிருந்த 43 பேரும் மாண்டனர். உலகின் முதல் ஜெட் பிரயாணி சேவை தொடங்கி அன்றோடு சரியாக ஓராண்டு நிறைவெய்தியிருந்தது.

அவ்வேளையில் அப்பகுதியில் கடும் இடிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. வங்கத்தார் இதனைக் கால்பைசாகி என்பர். கோடை மாலைகளில் அகத்திய மலைச்சாரலின் மேல் இடிமுகில் திரள்வதை அம்பூரியிலிருந்து கண்டோர், அம்முகிலினுள் காற்று எத்துணை வேகத்துடன் மேலும் கீழும் பாயக்கூடும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஆகவே, புயலே காரணம் என்று பலரும் கருதியது வியப்பன்று. மழையினூடே தீப்பற்றிய விமானம் இறங்கியதைக் கிராமத்தார் கண்டிருந்தனர். சிதைவுகள் பல மைல் நீளத்துக்குச் சிதறிக் கிடந்தமையால், விமானம் ஆகாயத்திலேயே உடைந்தது என்ற முடிவும் சரியானதே. ஏன் உடைந்தது என்பதே கேள்வி. கடுங்காற்றின் தாக்குதலால், அல்லது விமானி கட்டுப்பாட்டுக் கருவிகளை அளவுமீறி இயக்கியதால், அமைப்பு தாங்காது முறிந்தது என இந்திய அரசாங்கத்தின் விசாரணை மன்றம் கருதியது. புயல் இருந்தது என்பது கண்கூடு. விமானத்தை முறிக்க அது மட்டும் போதுமானது என்பதோ அனுமானம். முன்னதன் உறுதி பின்னதற்கும் வந்து சேர்ந்துவிட்டது போலும்.

1954 ஜனவரி 10-ஆம் தேதி, ரோமிலிருந்து கிளம்பிய மற்றொரு காமெட் எல்பாத் தீவருகே கடலில் வீழ்ந்து 35 பேர் இறந்தனர். அன்று அங்கே புயல் இல்லை. உடனே வேறு ஊகங்கள் எழுந்தன: சதிவேலை, தீ, என்ஜினின் சுழலி உடைந்து தெறித்திருத்தல், இறக்கைகளின் நடுக்கம். சேவை நிறுத்தப்பட்டு, இவற்றில் ஒவ்வொன்றுக்கும் பரிகாரமாகப் பல திருத்தங்கள் செய்யப்பட்டன. மார்ச் 23-இல் காமெட்கள் மீண்டும் பறக்கலாயின. பதினாறே நாட்களில், ஏப்ரல் 8-ஆம் தேதி, மூன்றாவது விமானம் நேப்பிள்ஸுக்கு அப்பால் 21 பேருடன் மறைந்தது. அறியாத நோய்க்கு மருந்தளித்ததன் விலை அது.

உண்மையான முதல் துப்பு பீசா நகரத்து மருத்துவ ஆய்விலிருந்து வந்தது. எல்பாவருகே மீட்கப்பட்ட உடல்களில் நுரையீரல்கள் கிழிந்திருந்தன. விமானத்தின் அறையில் அடைக்கப்பட்டிருந்த காற்று திடீரென வெளியேறியது என்பதற்கு அது அடையாளம். பிரிட்டனின் கடற்படையோ, கடலடியில் தொலைக்காட்சிக் கருவிகளைச் செலுத்தித் தேடி, எல்பா விமானத்தின் பெரும்பகுதியை மேலே கொணர்ந்தது.

ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் சர் ஆர்னால்ட் ஹாலின் குழுவினர், பறந்து பழகிய காமெட் ஒன்றின் உடற்பகுதியைப் பெருந்தொட்டியில் நீரில் அமிழ்த்தினர். உள்ளேயும் நீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் வந்தனர். ஓர் ஏற்ற இறக்கம் ஒரு பிரயாணத்துக்குச் சமம். காற்றைக் கொண்டு இதைச் செய்திருப்பின், உடையும்போது வெடிகுண்டென வெடித்துச் சான்றனைத்தையும் அழித்திருக்கும். நீர் சுருங்காதாகையால், விரிசல் கண்டவுடன் அழுத்தம் தணிந்து, உடைந்த இடம் அப்படியே நிற்கும். உண்மைப் பிரயாணங்களும் சோதனைச் சுற்றுகளும் சேர்ந்து 3,000-ஐச் சற்றுக் கடந்தபோது, ஜன்னலொத்த திறப்பொன்றின் மூலையில் உடல் கிழிந்தது. எல்பா விமானத்தின் கூரைத் தகட்டிலும், திறப்பின் மூலையருகே அதே குறி காணப்பட்டது. அவ்விமானம் 1,290 முறையும், நேப்பிள்ஸ் விமானம் 900 முறையும் பறந்திருந்தன.

இதனையே உலோகக் களைப்பு என்கிறோம். ஒருமுறை எளிதில் தாங்கும் சுமையை, பன்முறை மாறிமாறி ஏற்ற உலோகம் தாங்காமல் போகிறது. வகுப்பில் இதைக் காட்ட ஒரு துண்டுக் கம்பி போதும். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைக்க, பத்திருபது வளைப்பில் அது முறியும். எத்தனையாவது வளைப்பில் முறியும் என மாணவர்களை முன்கூட்டியே எழுதச் சொல்லிப் பின்னர் எண்ணுவது நன்று. மூலையின் பங்கை விளக்க, ஒரு காகிதத்தில் சிறு வெட்டிட்டு இருபுறமும் இழுத்தால், கிழிசல் வெட்டின் நுனியிலிருந்தே தொடங்கக் காணலாம்.

கோஹன் பிரபுவின் விசாரணை எல்பா, நேப்பிள்ஸ் விபத்துகளையே ஆராய்ந்தது. கல்கத்தா விமானத்தில் களைப்பின் பங்கு உண்டா என்பது அதன் வரம்புக்குள் வரவில்லை.

2025 ஜூன் 12-இல் அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் வீழ்ந்து 260 பேர் இறந்தபோதும், பறவை மோதல், இறக்கை மடிப்புகள் என்றெல்லாம் அன்றே பேசப்பட்டது. ஒரு மாதத்தில் வெளியான முதல்நிலை அறிக்கை, இரு என்ஜின்களின் எரிபொருள் விசைகளும் ஒரு விநாடி இடைவெளியில் நிறுத்து நிலைக்கு மாறியதைத் தெரிவித்தது. அவை ஏன் மாறின என்பதை அவ்வறிக்கை கூறவில்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்திப் படிக்க மாணவருக்குக் கற்பித்தல் வேண்டும்.

கிராமப் பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. விபத்து நேர்ந்த இடத்தில் உயிர்களை மீட்பதற்கும் தீயைத் தடுப்பதற்கும் இன்றியமையாத அளவுக்கு மேல், அனுமதியின்றிச் சிதைவுகளை அசைத்தல் விதிப்படி கூடாது. வயலில் தனியே கிடக்கும் தகட்டுத் துண்டு கண்ணிற்பட்டால், அதனை எடுத்து வராமல், இருக்குமிடத்தைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.