மோட்டார் சைக்கிளின் உயிர் நாலடிச் சங்கிலியில்!

அதிகாலை நேரம். கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார்கள். அடுத்த ஊரில் கல்யாணம். மனைவி பட்டுச்சேலை கட்டி இருக்கிறாள். கணவன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை.

பாதி வழியில் "கட... கட... கட..." என்று ஒரு சத்தம். பிறகு "டக்" என்று இன்னொரு சத்தம். என்ஜின் ஓடுகிறது. வண்டி ஓடவில்லை!

இறங்கிப் பார்த்தால், செயின் கழன்று தொங்குகிறது. கை எல்லாம் கரி. வேட்டி எல்லாம் எண்ணெய். முகூர்த்தம் முடிந்து, முதல் பந்தியும் முடிந்த பிறகுதான் இருவரும் போய்ச் சேருகிறார்கள்.

"வண்டி காலை வாரி விட்டது" என்கிறான் கணவன். பாவம், வண்டி என்ன செய்யும்? "என்னைக் கவனி, என்னைக் கவனி" என்று அந்தச் செயின் பல நாட்களாகச் சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அவன் காதில்தான் விழவில்லை.

வழியில் நின்றதோடு போயிற்றே, அது அவர்கள் அதிர்ஷ்டம்! கழன்ற செயின் பல்சக்கரத்தின் இடுக்கில் சிக்கிக்கொண்டால், ஓடுகிற வண்டியின் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். வண்டி சறுக்கி விழும். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியது இல்லை.

செயினைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

வாரும் சங்கிலியும்

மோட்டார் சைக்கிள் என்ஜினின் பலம் பின் சக்கரத்துக்குப் போனால்தான் வண்டி நகரும். அந்தப் பலத்தைச் சுமந்து செல்வது செயின். முன்னால் ஒரு சிறிய பல்சக்கரம். பின்னால் ஒரு பெரிய பல்சக்கரம். இரண்டையும் இணைப்பது செயின்.

இன்று நாம் பார்க்கும் உருளைச் செயினைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் ரெனால்டு. சுவிட்சர்லாந்தில் 1852ல் பிறந்தவர். இங்கிலாந்துக்குப் போய், மாஞ்செஸ்டரில் தொழில் நடத்தினார். 1880ல் இந்தச் செயினை உருவாக்கினார். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதன் அடிப்படை அமைப்பு மாறவில்லை!

ஆரம்ப கால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் செயின் கிடையாது. வார்தான் இருந்தது. மழை பெய்தால் வார் வழுக்கும். மேட்டில் ஏறினாலும் வழுக்கும்.

1911ல் மேன் தீவில் ஒரு பெரிய பந்தயம் நடந்தது. மலை மீது ஏறி இறங்கும் பாதை. அதில் "இந்தியன்" என்ற மோட்டார் சைக்கிள்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது அமெரிக்காவில் செய்த வண்டி! அந்த வண்டிகளில் இருந்தது செயின். பந்தயத்தைப் பார்த்தவர்களுக்குச் செயினின் அருமை புரிந்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1955ல் தொடங்கிய என்பீல்டு இந்தியா கம்பெனி, சென்னை திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைத் தயாரித்தது. கோவையில் தயாராகும் மோட்டார் சைக்கிள் செயின்கள் நாடெங்கும் விற்பனை ஆகின்றன.

மணிக்குப் பத்தாயிரம் சுற்று!

செயின் எவ்வளவு பாடுபடுகிறது தெரியுமா? ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வண்டியின் பின் பல்சக்கரத்தில் 42 பற்கள். செயினில் 104 கண்ணிகள். ஒரு கண்ணி அரை அங்குலம். ஆகவே செயினின் நீளம் நாலே கால் அடிக்குச் சற்று அதிகம். இந்த வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், செயின் ஒரு நொடிக்கு சுமார் 3 முறை சுற்றி வரும். ஒரு மணி நேரத்தில் பத்தாயிரம் முறைக்கு மேல்!

ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு தடவை மடங்கி நிமிர வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால், இரும்பும் இரும்பும் உரசித் தேயும். ரோட்டுப் புழுதியும் மணலும் சேர்ந்துகொண்டால், உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போல் ஆகிவிடும்.

"செயின் நீண்டுவிட்டது" என்று மெக்கானிக் சொல்லுவார். இரும்பு ரப்பர் போல நீளுமா? நீளாது. கண்ணிகளின் உள்ளே இருக்கும் ஊசிகள் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், 104 கண்ணிக்கும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது இதுதான்.

சேலை கட்டியவர்கள் கவனிக்க!

பெண்கள் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பக்கமாக உட்காருவது நம் வழக்கம். கால்கள் இடது பக்கம் தொங்கும். நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் செயின் இருப்பதும் அதே இடது பக்கம்தான்!

முந்தானையோ துப்பட்டாவோ காற்றில் பறந்து சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால், கண் இமைக்கும் நேரத்தில் சுற்றிக்கொள்ளும். துணியோடு ஆளையும் இழுத்துக் கீழே தள்ளும். கழுத்தில் சுற்றிய துப்பட்டாவாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

இதைத் தடுக்கச் சட்டமே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி அது. பின்னால் அமருபவரின் துணி சிக்காதபடி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. "சேலை கார்டு" என்று கடைகளில் கேட்டால் தெரியும்.

சில இளைஞர்கள் அழகுக்காக அந்தத் தடுப்பையும் செயின் கவரையும் கழற்றிவிடுகிறார்கள். அந்த வண்டியில் ஒரு நாள் தன் தாயோ தங்கையோ உட்காருவாள் என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வண்டியில் ஏறியதும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவின் இரு முனைகளையும் முடிந்துகொள்ளுங்கள். ஓட்டுகிறவர், "முந்தானையைச் செருகியாயிற்றா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பட்டும்.

சுத்தம் செய்வது எப்படி?

சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை செயினைக் கவனிப்பது நல்லது. மழையில் ஓட்டினால் அதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

முதலில் வண்டியை மெயின் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியை வைத்துத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்! இப்படி விரலைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. துணி சிக்கினால், துணியோடு விரலும் பல்சக்கரத்துக்குள் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, இன்னொருவர் துடைக்கக் கூடாது. இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும். சுற்றுகிற கையும் துடைக்கிற கையும் ஒரே ஆளுடையதாக இருந்தால் விபத்துக்கு இடம் குறைவு. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மண்எண்ணெயில் மென்மையான பிரஷ்ஷை நனைத்துச் செயினைத் தேயுங்கள். மண்எண்ணெய் கிடைக்காவிட்டால், செயின் சுத்தம் செய்யும் திரவம் கடைகளில் கிடைக்கும். பெட்ரோல் வேண்டாம். தீப்பிடிக்கும். சில செயின்களின் கண்ணிகளில் சிறிய ரப்பர் வளையங்கள் இருக்கும். அவை உள்ளே இருக்கும் கிரீசைக் காக்கின்றன. பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அந்த ரப்பரைக் கெடுத்துவிடும்.

துணியால் துடைத்து உலர்ந்த பிறகு, செயினின் உள்பக்கத்தில் எண்ணெய் விடுங்கள். சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். 90ஆம் நம்பர் கியர் ஆயில் அல்லது செயின் ஸ்பிரே போதும். என்ஜினில் இருந்து வடித்த கறுப்பு எண்ணெய் கூடாது. அதில் அழுக்கும் இரும்புத் துகளும் இருக்கும்.

கடைசியில், மிகுதியான எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். அது தெறித்து டயரில் பட்டால், திருப்பத்தில் வண்டி வழுக்கும்.

தொய்வும் ஆபத்து, இறுக்கமும் ஆபத்து

கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஒரு குச்சியால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பல சிறிய வண்டிகளில் அது 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை ஆட வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது வண்டியுடன் கொடுத்த புத்தகத்தில் இருக்கும். முழுவதும் மூடிய கவராக இருந்தால், பார்ப்பதற்கென்று ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருக்கும்.

சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் பாருங்கள். எந்த இடத்தில் மிக இறுக்கமாக இருக்கிறதோ, அந்த இடத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

"தொய்வே இல்லாமல் விறைப்பாக வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்ததும் பின் சக்கரம் மேலே எழும்பும். அப்போது செயின் இன்னும் இறுகும். பேரிங் கெடும். செயின் அறுந்தும் போகலாம்.

தொய்வைச் சரிசெய்ய, பின் சக்கரத்தின் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத் திருகுகளையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். இரு பக்கமும் கோடுகள் இருக்கும். அவை ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் சக்கரம் கோணலாகும். பல் தேயும். பிறகு ஆக்சில் நட்டை நன்றாக இறுக்கி, தொய்வை மறுபடி பாருங்கள்.

பலரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. சக்கரம் பின்னால் நகர்ந்ததும், டிரம் பிரேக் உள்ள வண்டியில் பின் பிரேக் இறுகிவிடும். பிரேக்கையும் சரிபார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும். ஸ்பானர் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால் அவர் செய்ததைச் சரிபார்க்க உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீன் நீந்தும் திசை

பல செயின்களில் ஒரு கண்ணிக்கு மட்டும் கழற்றி மாட்டும் "லாக்" இருக்கும். அது பார்வைக்கு ஒரு சிறிய மீன் போல இருக்கும். ஒரு முனை மூடி இருக்கும். இன்னொரு முனை பிளந்து இருக்கும். மூடிய முனை தலை. பிளந்த முனை வால்.

மீன் தலையை முன்னே நீட்டித்தானே நீந்தும்? அதே போல, செயின் ஓடும் திசையை நோக்கித் தலை இருக்க வேண்டும். மேல்பக்கச் செயினில் தலை வண்டியின் முன்பக்கம் பார்க்கும். திருப்பி மாட்டினால், ஏதாவது தட்டும்போது லாக் கழன்று விழும். பிறகு செயினும் போய்விடும்.

சத்தத்தை வைத்து நோய் அறியலாம்

"கட கட" என்று கவரில் அடித்தால் செயின் தொய்ந்திருக்கிறது.

"கீச் கீச்" என்றால் எண்ணெய் இல்லை.

"ங்ஙொய்" என்று இரைந்து, வண்டியும் கனமாக ஓடினால் செயின் மிக இறுக்கம்.

தொய்வு சரியாக இருந்தும், ஆக்சிலேட்டரைத் திருப்பும்போது வண்டி "வெடுக்" என்று குதித்தால், பின் சக்கரத்துக்குள் இருக்கும் அதிர்வு தாங்கும் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

என்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால், அது செயினின் குற்றம் அல்ல. கிளட்ச் தேய்ந்துவிட்டது.

எப்போது மாற்ற வேண்டும்?

பின் பல்சக்கரத்தின் பின்கோடியில் செயினை விரலால் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி தெரியும் அளவுக்கு எழும்பி வந்தால், செயின் முடிந்தது. பற்கள் கொக்கி போல வளைந்து கூராக இருந்தாலும் அப்படியே.

செயினை மட்டும் மாற்றிவிட்டால் காசு மிச்சம் என்று நினைக்காதீர்கள். பழைய பல் புதிய செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். செயின், முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் சிக்கனம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை

பால்காரருக்கும் வியாபாரிக்கும் மோட்டார் சைக்கிள்தான் பிழைப்பு. வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் கால். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதும் அந்த வண்டிதான்.

வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக்கி, கண்ணாடிக்குப் பொட்டு வைத்து, ஆயுத பூஜை அன்று மாலை போடுகிறோம். பின்னால் மறைந்திருந்து பாரம் இழுக்கும் நாலடிச் சங்கிலியை மட்டும் மறந்துவிடுகிறோம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய துணி ஒன்றையும் கொஞ்சம் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். சாவியை மட்டும் மறக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்!