பழைய பிக்அப்புக்குப் புதிய ஸ்பிரிங்: செலவழிக்கு முன் சிந்திப்போம்

கொட்டகலைப் பகுதியில் மரக்கறியும் பலசரக்கும் ஏற்றும் வியாபாரிகள் பலருக்குப் பழைய பிக்அப் வாகனமே கைகொடுக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் சிறு வியாபாரிக்கு எட்டாத விலையிலேயே உள்ளது. எனவே இருப்பதைப் பலப்படுத்த நினைப்பது நியாயமே.

"பின்பக்கம் இறங்குகிறது, இரண்டு தகடு கூடப் போடுங்கள்" என்றே கராஜில் பலரும் சொல்கின்றனர். தகடு கூடினால் வாகனம் உயரும். சுமக்கக்கூடிய பாரம் கூடாது. சேசிஸ், அச்சு, பிறேக் எல்லாம் பழையவையே. அத்துடன் வெறுமையாக ஓடும்போது பின்சக்கரங்கள் துள்ளும். மழை நாளில் ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் வளைவுகளில் இது உயிராபத்தாகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹைலக்ஸ் போன்ற சில பிக்அப்களில், பாரத்துக்கேற்பப் பின் பிறேக்கைக் கட்டுப்படுத்தும் வால்வு உண்டு. பின்பக்கத்தை உயர்த்தினால், பாரம் இல்லையென அது கருதிப் பின் பிறேக்கைக் குறைத்துவிடும். எனவே ஸ்பிரிங் மாற்றினால் இவ்வால்வையும் சரிசெய்வித்தல் அவசியம்.

முதலில் குறைந்த செலவில் முடிவதைப் பாருங்கள். பின்மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். வாகனம் திரும்பத் திரும்ப ஆடினால் ஷொக் அப்சோபர் தேய்ந்துள்ளது. புஷ்கள் வெடித்துள்ளனவா, தகடு உடைந்துள்ளதா எனவும் பார்க்க வேண்டும். பல வாகனங்களில் இவற்றை மாற்றினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

அதன் பின்னரும் போதாவிடில், உங்கள் அன்றாட ஓட்டத்தைக் கணக்கிடுங்கள். போகும்போது பாரம், வரும்போது வெறுமை என்றால், பாரம் ஏறும்போது மட்டும் வேலை செய்யும் துணை ஸ்பிரிங் பொருத்தமானது. எந்நேரமும் ஒரேயளவு பாரம் ஏற்றுவோருக்கே கனமான தகட்டுத் தொகுதி ஏற்றது. எதுவாயினும் இரு பக்கமும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

தளர்ந்த தகட்டை உலையில் காய்ச்சி வளைப்பது மலிவுதான். ஆனால் உருக்கின் பதம் கெட்டு, அது விரைவில் மீண்டும் தளரும், அல்லது உடையும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த தகடு வாங்குவோர் வெடிப்பு, துரு, நீளம் மூன்றையும் பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். யூ போல்ட்களைப் புதிதாகவே போட்டு, சில நாள் ஓட்டத்தின் பின் மீண்டும் இறுக்குவிக்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்குச் செய்யும் செலவு பாரத்தைப் பாதுகாப்பாகக் கொண்டுசெல்லவே தவிர, அதிக பாரம் ஏற்றுவதற்கல்ல. ஒரு பயணத்தில் கூடுதலாக ஏற்றும் நான்கு மூடைகளின் இலாபம், ஒரு விபத்தின் நஷ்டத்துக்கு ஈடாகாது.