நாளுக்கு ரெண்டு யுனிட்

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஏசியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். மார்கழியில் கம்பளிக்குள் கைகாலைச் சுருட்டிக்கொண்டு படுக்கிற மலை இது. ஆனால் சிரித்தவரே பங்குனி, சித்திரையில் பகல் ஒரு மணிக்குத் தன் லயக் காம்பராவுக்குள் உட்கார மாட்டார், இஸ்தோப்பில் வந்து உட்காருவார். வெளியில் காற்று இதமாகத்தான் இருக்கும். உள்ளே தகரம் காய்ந்து, அந்தக் காய்ச்சல் தலையில் இறங்கும்.

டவுனில் கதை வேறு. பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்தில், நாலு பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணம் போல் கிடக்கிறது. தோட்டத்தில் பிறந்து, படித்து, கடை வைத்து, அல்லது பிள்ளை வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய காசில் அங்கே வீடு கட்டியவர்கள் இன்று நிறையப் பேர். கொங்கிரீட் தட்டு போட்ட வீடு, பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவு பத்து மணி வரை கக்குகிறது. அதனால் ஏசி வந்துவிட்டது. ஏசி வந்த இரண்டாம் மாதம் மின் பட்டியலும் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அதைப் பார்த்த நாளிலிருந்து ஏசியைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, மகன் கத்தாரிலிருந்து பேசும்போது மட்டும் "ஓடுதுப்பா, நல்லா ஓடுது" என்கிறார்.

இந்த இரண்டு வீட்டுக்கும் பதில் ஒன்றுதான்: ஃபேன். அது எப்படி வேலை செய்கிறது என்று தேயிலைத் தோட்டத்துக்காரருக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியை நினைத்துப் பாருங்கள். நீளமான தொட்டி, அதில் கம்பி வலை, வலைமேல் பரப்பிய கொழுந்து, ஒரு முனையில் பெரிய விசிறி. அடியிலிருந்து காற்று மேலே ஏறும்போது இலையின் ஈரம் பறக்கிறது. ஈரம் பறக்கிற வரை கொழுந்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும். விசிறி காற்றைக் குளிரவைக்கவில்லை, ஈரத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோலில் வியர்வைக்கு நடப்பதும் இதே வேலைதான்.

ஆகவே கொழுந்து இல்லாத தொட்டிக்கு விசிறி போடுவது எவ்வளவு வீணோ, ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடுவதும் அவ்வளவு வீண். அறை ஒரு பாகை கூடக் குளிராது. மோட்டார் சூடுதான் மிச்சம். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் கூடிவிட்டால் கொழுந்து சீக்கிரம் வாடாது என்பதும் வாட்டும் மாடியில் நின்றவர்களுக்குத் தெரியும். அதேபோல் புழுக்கமான நாளில் ஃபேன் பாதி வேலைதான் செய்யும். அந்தப் பாதியை ஏசி செய்கிறது, ஏனென்றால் அது குளிரவைப்பதோடு காற்றின் ஈரத்தையும் வடித்து வெளியே விடுகிறது. இரண்டையும் சேர்த்துப் போடுவதில் உள்ள சூட்சுமம் இவ்வளவுதான்: ஏசி காற்றைக் கொஞ்சம் திருத்தட்டும், மிச்சத்தை ஃபேன் உடம்பில் செய்யட்டும்.

உலக சுகாதார நிறுவனமும் இதையே சொல்கிறது. ஏசியை 27 பாகையில் வைத்து ஃபேனையும் போட்டால் அறை 4 பாகை குறைவானது போல உடம்புக்குத் தெரியும், குளிரூட்டும் செலவில் 70 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்பது அதன் அறிவுரை. இந்தியாவில் நட்சத்திரக் குறி பெற்ற வீட்டு ஏசிகள் 2020 ஜனவரி முதல் 24 பாகையில்தான் தொடங்கவேண்டும் என்று விதித்தார்கள். ஒரு பாகை கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது அங்குள்ள எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

அந்த 70 சதவீதம் எல்லா வீட்டுக்கும் வாய்க்காது. நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12,000 பிடியு ஏசி, இன்வெர்ட்டர் இல்லாதது, இரவு எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 6 யுனிட். மாதம் 180. ஏசி இல்லாமலே அந்த வீடு 60 யுனிட் எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 240. 2025 ஜூனில் அறிவித்த கட்டணத்தின்படி, வரி சேர்க்காமல், 10,260 ரூபாய். இப்போது ஏசியை 24-லிருந்து 27-க்கு ஏற்றி, 30 வாட்ஸ் ஃபேன் ஒன்றைச் சேர்த்தால் ஏசியில் 32 குறைந்து ஃபேனில் 7 கூடும். 215 யுனிட், 8,735 ரூபாய். பழைய 75 வாட்ஸ் ஃபேனாக இருந்தால் அதுவே 18 யுனிட் தின்றுவிடும், மிச்சம் பாதியாகிவிடும்.

பதுளைக்காரருக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. கொழும்பில் இரவு முழுவதும் புழுங்கும். இங்கே அப்படி இல்லை, இரவு ஏறினால் மலைக்காற்று இறங்கும். படுக்கைக்குப் போகுமுன் ஏசியை இரண்டு மணி நேரத்துக்கு டைமரில் வையுங்கள். சுவரின் சூடு அடங்கியதும் அது தானாக நிற்கட்டும், பிறகு விடியும்வரை ஃபேன். தொடக்கத்தில் ஏசி ஓய்வில்லாமல் ஓடும் என்பதால் அதற்கு மாதம் 60, பழைய ஃபேனுக்கே 18, வீட்டுக்கு 60, மொத்தம் 138. பட்டியல் 4,278 ரூபாய். பத்தாயிரத்திலிருந்து நாலாயிரத்துக்கு!

இவ்வளவு பெரிய இறக்கத்துக்குக் காரணம் படிமுறைக் கட்டணம். அந்த 2025 ஜூன் கட்டணத்தில் 180-க்கு மேற்பட்ட ஒவ்வொரு யுனிட்டும் 61 ரூபாய். 30-க்குள் நிற்கிற வீட்டுக்கு அதே யுனிட் 4 ரூபாய் 50 சதம். கட்டணம் திருத்தப்படும்போது இந்த எண்கள் மாறும், படிகளின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

லயத்து வீட்டுக்கு இந்தப் படிதான் உயிர். 60 யுனிட்டுக்குள் நின்றால் ஒரு விலை. 61-ஐத் தொட்டால், கூடின யுனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் 60-க்கும் சேர்த்து விலை ஏறுகிறது. மாதாந்த நிலையான கட்டணமும், அதே 2025 ஜூன் கணக்கில், 210-லிருந்து 400 ஆகிறது. பல்பு, டிவி, ரைஸ் குக்கர் என்று 50 யுனிட் எரிக்கிற ஒரு வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு பழைய ஃபேன் வருகிறது. 75 வாட்ஸ், தினம் எட்டு மணி நேரம். மொத்தம் 68 யுனிட், 1,313 ரூபாய். அதே இடத்தில் 30 வாட்ஸ் ஃபேன் என்றால் 57 யுனிட், 561 ரூபாய். பதினொரு யுனிட் வித்தியாசத்துக்கு மாதம் 752 ரூபாய்! கடைக்காரர் சொல்லும் விலையில் இது தெரியாது. ஃபேன் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸைப் பாருங்கள். பிஎல்டிசி என்று போட்டிருப்பவை பொதுவாக 28 முதல் 35 வாட்ஸுக்குள் ஓடும். விலை கூடத்தான், ஆனால் கூடின காசை மேலே சொன்ன மாதக் கணக்கோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பட்டியலில் எத்தனை நாளுக்குரியது என்று போட்டிருப்பதையும் பாருங்கள். 60 யுனிட் என்பது 30 நாளுக்கு, அதாவது நாளுக்கு ரெண்டு. மீட்டர் பார்ப்பவர் பிந்தி வந்து 34 நாளுக்குப் பட்டியல் போட்டால் வரம்பும் அதற்கேற்ப 68 ஆகவேண்டும். ஆகவில்லை என்றால் கேளுங்கள்.

தகரக் கூரைக்கு ஃபேன் மட்டும் போதாது. தகரத்தின் வெளிப்பக்கம் வெள்ளைப் பூச்சு, உள்ளே சாக்கோ அட்டையோ அடித்த ஒரு சீலிங், இரண்டுமே பகல் சூட்டைக் குறைக்கும். அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் தேய்க்கவும் துளைக்கவும் வேண்டாம், தூசு நெஞ்சுக்கு ஆகாது. மாலையில் வெளியே குளிர்ந்ததும் ஸ்டாண்ட் ஃபேனை ஜன்னலோரம் வைத்து, முகத்தை வெளியே திருப்பிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவைத் திறங்கள். உள்சூட்டை அது வெளியே தள்ளும், குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். விறகடுப்பு எரியும்போது மட்டும் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் புகையெல்லாம் காம்பராவுக்குள்.

இனி ஆபத்து. லயத்தில் சீலிங் ஃபேனுக்கு ஆசைப்பட வேண்டாம் என்பது என் கருத்து. இறக்கை தரையிலிருந்து ஏழடிக்கு மேலே இருக்கவேண்டும். பழைய வளையில் அந்த உயரமும் கிடைக்காது, ஆடுகிற பாரத்தைத் தாங்கும் பலமும் இருக்காது. அதைவிட மோசம் வயரிங். பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயர், பிளக் இல்லாமல் தீக்குச்சி செருகி சொக்கட்டில் நிறுத்திய முனை, அந்த வயரின்மேலே காய்கிற ஈரத்துணி. இதெல்லாம் கண்ணால் பார்த்தவைதான். இலங்கையின் நியமம் 13 ஆம்பியர் சதுர முள் பிளக், அதோடு ட்ரிப் சுவிட்ச். ட்ரிப் சுவிட்சில் சோதிக்கும் பட்டன் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழவில்லையென்றால் அது உங்களைக் காப்பாற்றாது. ஏசியை எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டவே கூடாது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி முழங்கினால் ஃபேனைக் கழற்றிவிடுங்கள்.

மொனராகலைப் பக்கம், வெல்லவாய, புத்தளை போன்ற தாழ்ந்த ஊர்களில் உறவுகள் இருந்தால் இதையும் சொல்லுங்கள்: காற்று 40 பாகையைத் தாண்டினால் ஃபேன் உடம்பைக் குளிரவைக்காது, சூட்டைத்தான் மேலே அடிக்கும். அப்போது வயோதிபருக்கும் கைக்குழந்தைக்கும் ஈரத்துணி, தண்ணீர், நிழல்.

ஏசி வைத்திருப்பவர்களிடம் நடக்கிற ஒரு ஏமாற்றையும் சொல்லியாக வேண்டும். வருசம் ஒருமுறை வந்து "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று காசு வாங்கிக்கொண்டு போவார்கள். ஏசிக்குள் இருக்கும் வாயு பெற்றோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாயில் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுக்கை அடைக்காமல் நிரப்புகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவதை நீங்களே செய்யலாம்.

உரிமைக்கு வருவோம். தோட்டத்தில் நெடுங்காலமாக மின்னிணைப்புக்குத் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. காணி நம் பெயரில் இல்லை, ஆகவே மீட்டரும் நம் பெயரில் இல்லை. ஆனால் 2009-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்க மின்சாரச் சட்டம் இணைப்புக் கேட்கும் உரிமையைச் சொந்தக்காரருக்கு மட்டும் எழுதி வைக்கவில்லை, குடியிருப்பவருக்கும் சேர்த்தே எழுதியது. 2024-இல் புதிய சட்டம் வந்த பிறகும் அந்த வாதத்தை விட்டுவிடக் கூடாது. பக்கத்து மீட்டரில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து எரித்தால் ஒவ்வொருவரும் 60-க்குள் எரித்தாலும் கூட்டுத்தொகை மேல்படிக்கு ஏறி, எல்லோரும் பணக்காரர் கட்டணம் கட்டுவீர்கள். தனி மீட்டர் என்பது வெறும் கௌரவம் அல்ல, காசு. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். அரச அலுவலகத்தோடு தமிழில் எழுதி, தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை.

பட்டியல் திடீரென்று ஏறினால் மின்சார முறைப்பாட்டுக்கான 1987-க்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மீட்டரைச் சோதிக்கவும் கேட்கலாம். அங்கே தீராவிட்டால் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் ஏறியது நினைவிருக்கும். கட்டணத்தை அங்கீகரிக்குமுன் மக்கள் கருத்தைக் கேட்பதும் அந்த ஆணைக்குழுதான். அந்தக் கேட்பில் தோட்டத்துக் குரல் இன்னும் போதவில்லை.

வாங்கிய ஃபேனோ ஏசியோ பழுதாகி, கடை கைவிரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977-க்கு அழையுங்கள். எழுத்து மூல முறைப்பாட்டுக்கு, வாங்கியதிலிருந்து மூன்று மாதம்தான் தவணை. ரசீது கட்டாயம் வேண்டும். துண்டுக் கடதாசியில் விலை எழுதித் தருவது ரசீது இல்லை.

இன்று இரவு படுக்குமுன் மீட்டரில் உள்ள எண்ணைச் சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். நாளை இரவு அதே நேரத்துக்கு இன்னொரு முறை. வித்தியாசம் ரெண்டுக்கு மேலே இருந்தால், எது தின்கிறது என்று அன்றைக்கே தேடுங்கள்.