செம்மண்ணில் ஓர் இரும்புப் பஞ்சம்

ஏற்காட்டுக்குச் சென்று திரும்புவோர் பலருடன் ஒரு செடியும் மலையிறங்கி வருவதை நாம் கண்டிருக்கிறோம். செண்பகம், மக்னோலியா, கேமெலியா, அசேலியா என்று மலையில் பூத்துக் குலுங்கும் ஒன்றை நம் வீட்டு முற்றத்திலும் காணவேண்டும் என்னும் ஆசை இயல்பானதே. மேட்டூருக்கும் எடப்பாடிக்கும் இடைப்பட்ட எங்கள் ஜலகண்டாபுரத்திலும், தறி ஓசைக்கு நடுவே, அந்த ஆசையோடு கன்று நடுவோர் உண்டு. முதலாண்டு கன்று தளிர்க்கும்; அடுத்த ஆண்டு தளிர் மஞ்சளாகும்; பின்னர் வெளுத்து, ஓரம் கருகி, மெல்ல மடியும். "தண்ணீர் போதவில்லை" என்பார் ஒருவர். "எரு போடு" என்பார் இன்னொருவர். "கண் பட்டுவிட்டது" என்பார் மூன்றாமவர். உண்மைக் காரணம் மண்ணின் வேதியியலில் இருக்கிறது. அதனை இங்குச் சற்று விளக்கமாகக் காண்போம்.

மண்ணின் தன்மை

மண் அமிலத்தன்மை உடையதா, காரத்தன்மை உடையதா என்பதைப் பி.எச். என்னும் அளவால் குறிப்பர். டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சன் 1909-இல் இதனை வகுத்தளித்தார். 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் மாறினால் பத்து மடங்கு மாற்றம் என்பதை மறத்தலாகாது. பி.எச். 6 உள்ள மண்ணோடு ஒப்பிட, 8 உள்ள மண்ணில் நூறில் ஒரு பங்கு அமிலமே உண்டு.

தேயிலை 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணை விரும்புவது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த கேமெலியாவும், நீலகிரியின் காட்டுப்பூவரசும், அதன் இனமான அசேலியாவும் அவ்வாறே. செண்பகமும் வெட்சியும் சற்றே பொறுமை மிக்கவை. எனினும் அவையும் இலேசான அமில மண்ணிலேதான் செழிக்கும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் சண்பகமும் வெட்சியும் இடம்பெற்றிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

மலையும் சமவெளியும்

ஏற்காட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சேலம் சமவெளியில் பெய்வது 900 மில்லிமீட்டர் அளவே. மலைமேல் காலங்காலமாகப் பெய்த மழை, மண்ணிலிருந்த சுண்ணாம்பையும் பிற உப்புகளையும் கரைத்துக் கொண்டு போய்விட்டது. எஞ்சியது இரும்பும் அலுமினியமும் மிகுந்த அமில மண். சேர்வராயன் மலை உச்சியில் பாக்சைட் கிடைப்பதே இதற்குச் சான்று. அந்தக் கனிமம் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு மூலப்பொருளாயிற்று.

சமவெளியிலோ குறைந்த மழையும் மிகுந்த வெயிலும். கரைந்த சுண்ணாம்பு வெளியேற வழியின்றி மண்ணிலேயே படிகிறது. சேலம் சமவெளிச் செம்மண்ணில் பல இடங்களில், சிறிது தோண்டினாலே சுக்கான் கல் தட்டுப்படுவது இதனால்தான்.

இரும்பு இருந்தும் பட்டினி

இங்கே ஒரு வியப்பு. செம்மண்ணுக்குச் செந்நிறம் தருவதே இரும்புதான். ஆனால் அந்த மண்ணில் நட்ட செண்பகம் இரும்புச் சத்தின்றி வாடுகிறது! சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணில் இரும்பு துருவாக இறுகி நீரில் கரையாது நிற்கும். கரையாத சத்தை வேர் உறிஞ்ச இயலாது. இரும்பின்றிப் பச்சையம் உருவாகாது. ஆகவே நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றும். இக்குறி முதலில் இளந்தளிரில் காணப்படின் இரும்புக் குறை எனக் கொள்ளலாம். முதிர்ந்த இலை முதலில் மஞ்சளாயின் தழைச்சத்துக் குறையாக இருக்கலாம். இவ்வேறுபாடு அறியாமல் எருவும் நீரும் கூட்டுவதால் பயனில்லை. கிணற்று நீர் சுண்ணாம்பு கலந்ததாயின், ஊற்ற ஊற்ற நோய் முற்றும்.

ஒரு கணக்கு

"கந்தகம் போட்டு மண்ணை மாற்றலாகாதா?" என்ற வினா எழலாம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கும் என்பது உண்மையே. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் உள்ள குழியில் சுமார் 1,400 கிலோ மண் இருக்கும். அதில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு எனில் 70 கிலோ. 100 கிலோ சுண்ணாம்பைச் செயலிழக்கச் செய்ய 32 கிலோ கந்தகம் வேண்டும். ஆக, ஒரே குழிக்கு 22 கிலோ! நாம் போடுவதோ ஒரு கைப்பிடி.

நீரின் கணக்கும் உண்டு. லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புக்கு ஈடான காரம் உள்ள நீரை நாள்தோறும் 10 லிட்டர் ஊற்றினால், ஓராண்டில் ஒரு கிலோவுக்கு மேல் சுண்ணாம்பை நாமே கொண்டு சேர்க்கிறோம். வெந்நீர் அண்டாவின் உட்புறம் படியும் வெள்ளைப் பொருக்கு இதனையே காட்டுகிறது.

செய்யத்தக்கவை

முதலில் மண்ணைச் சோதியுங்கள். நம் ஆய்வுக்கூடத்திலுள்ள நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில துளிகளை உலர்ந்த மண்மீது விட்டால், சுண்ணாம்பு மண் நுரைத்துப் பொங்கும். பொங்கினால், அமிலம் விரும்பும் மரத்தை அங்குத் தரையில் நடவேண்டாம்.

ஆசை விடவில்லையெனில் பெரிய மண்தொட்டியிலோ பிளாஸ்டிக் பீப்பாயிலோ வளர்க்கலாம். புதுச் சிமெண்டுத் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசியும், அது ஆகாது. நுரைக்காத செம்மண், மட்கிய இலை, மணல், உப்பு நீங்கக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். அடுப்புச் சாம்பலும் இடிந்த சுவரின் காரையும் அருகே வரலாகாது. இரண்டும் காரத்தைக் கூட்டுபவை. கூரையில் விழும் மழைநீரைச் சேமித்து ஊற்றுவது மிகச் சிறந்தது. தளிர் மஞ்சளானால், லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதியும் சிறிது எலுமிச்சைச் சாறும் கலந்து, மாலை வேளையில் இலைகளின் இருபுறமும் நனையத் தெளிக்கலாம். பத்து நாள் கழித்து மீண்டும் தெளிக்கலாம். நிலக்கடலைப் பயிரின் மஞ்சள் நோய்க்கு உழவர் கையாளும் முறையும் இதுபோன்றதே. அன்னபேதியைக் கார மண்ணில் கொட்டினாலோ அதுவும் துருவாகி வீணாகும்.

தொட்டியிலும் கேமெலியாவும் அசேலியாவும் நம் கோடை வெயிலுக்குத் தாங்குவது அரிது. நீர் பார்த்து, நிழல் தந்தால் செண்பகமும் வெட்சியும் பிழைக்கும்.

தரையில் நடுவதற்கு நமக்கு மரங்களுக்கா பஞ்சம்? சித்திரையில் பொன்மாரி பொழியும் சரக்கொன்றை, கோடையில் தீப்பிழம்பாய்ப் பூக்கும் செம்மயிற்கொன்றை, நிழலுக்குப் புங்கம், வேம்பு ஆகியவை சுண்ணாம்பு மண்ணைப் பொருட்படுத்தா. நீலகிரிக்குக் காட்டுப்பூவரசு அழகென்றால், நம் வாசலுக்குப் பூவரசு அழகு. கன்று வாங்கும் முன் ஒரு பிடி மண்ணைச் சோதித்துப் பார்ப்போமாயின், பணமும் உழைப்பும் வீணாகா. நட்ட மரமும் நம் பேரப்பிள்ளைகளுக்கு நிழல் தரும்.